வீட்டுத் தோட்டத்தில் வாசனை ரோஜா

ரோஜாச் செடியொன்றை விலை கொடுத்து வாங்கிவந்து, தொட்டியில் வைத்து, நாள்தோறும் நீர் வார்த்து, முதற்பூ விரிந்த காலையில் ஆவலோடு குனிந்து முகர்ந்து, அதில் மணம் என்பதே இல்லையெனக் கண்டு மனம் சோர்ந்தவர்கள் நம்மிடையே அநேகர். இதற்கு அவர்கள் கூறும் காரணங்களும் பலவகைப்பட்டவை. மண் கெட்டுவிட்டது என்பார் சிலர். ரசாயன உரம் வாசனையை அழித்துவிட்டது என்பார் வேறு சிலர். ஒட்டுச் செடியில் மணம் வராது என்றும், பட்டணத்துக் காற்றில் எந்தப் பூவும் மணக்காது என்றும் உறுதியாகச் சொல்லுவாரும் உண்டு. இவற்றில் சிற்சில, செடியின் ஆரோக்கியத்தைப் பற்றிய மட்டில் கவனிக்கத் தக்கவையே. ஆயினும் மணத்தைப் பற்றிய மட்டில் பிரதானமான காரணம் செடியின் குலமே என்பதும், நம் சமவெளி வெயிலைத் தாங்கி ஆண்டு முழுவதும் மணக்கக்கூடிய குலமொன்று நம் பூக்கடைகளிலேயே நெடுங்காலமாகக் குவிந்து கிடக்கிறது என்பதும் என் அபிப்பிராயம். அதற்குரிய ஆதாரங்களையும், அக்குலத்தை வீட்டில் வளர்க்கும் முறைகளையும் இங்கு ஆராய்வோம்.

ரோஜாவின் மணம் மல்லிகையைப் போலவே இதழ்களிலிருந்துதான் பிறக்கிறது. இதழின் மேற்புறத்தில் சிறு கூம்புகள்போல் எழும்பி நிற்கும் நுண்ணறைகளில் உற்பத்தியாகும் ஆவித் தைலங்கள், பூ பாதி விரிந்த நிலையிலிருந்து முற்றும் மலரும் வரை, காற்றில் கலந்த வண்ணம் இருக்கின்றன. ஜெரானியால், சிட்ரோனெல்லால், பினைல் எத்தில் ஆல்கஹால் ஆகிய பொருள்கள் சேர்ந்தே பழைய ரோஜாக்களின் இனிய, கனத்த மணத்தைத் தருகின்றன. இவற்றோடு, 1970இல் விஞ்ஞானிகள் கண்டறிந்து அறிவித்த டமாசினோன் என்ற பொருள், ரோஜா எண்ணெயில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத அளவில் இருந்துகொண்டே, அதன் பரிமளத்தில் மிகப் பெரிய பங்கை வகிக்கிறது. இப்பொருள்கள் செடிக்குள் உண்டாகும் விதத்தைப் பற்றிய கருத்தும் அண்மையில் மாறிவிட்டது. வேறு மலர்களில் ஜெரானியாலைத் தயாரிக்கும் நொதியே ரோஜாவிலும் இருக்கும் என்று எண்ணியிருந்த நிலையில், மணம் மிகுந்த 'பாப்பா மெயாண்' என்ற வகையையும் மணமற்ற 'ரூஜ் மெயாண்' என்ற வகையையும் ஒப்பிட்டு ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானிகள், ரோஜா முற்றிலும் வேறான ஒரு நொதியைக் கொண்டு அதனைச் செய்கிறது என்பதை 2015இல் வெளியிட்டார்கள். அந்த நொதி மணமுள்ள வகையின் இதழில் முனைந்து வேலை செய்கிறது. மணமற்ற வகையில் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கிறது. இரண்டையும் ஒரே மண்ணில் வைத்து ஒரே உரமிட்டு வளர்த்தாலும் இந்த வேற்றுமை மாறப்போவதில்லை.

அப்படியானால் மணமற்ற வகைகள் இத்தனை பெருகியதற்குக் காரணம் என்ன என்ற கேள்வி எழும். ஓசூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பசுமைக் குடில்களில் விளைந்து, குளிர்பதனப் பெட்டிகளில் ஏறி, விமானத்தில் அயல்நாடு செல்லும் ரோஜாவிடம் வியாபாரி எதிர்பார்ப்பது நீண்ட காம்பு, தடித்த இதழ், ஒரே அளவான மொட்டு, பல நாள் வாடாமை ஆகியவையே. இக்குணங்களை நாடித் தலைமுறை தலைமுறையாகச் செடிகளைத் தெரிந்தெடுத்தபோது, எவரும் கேளாத மணம் வழியில் நழுவிப்போயிற்று. அந்தத் தொழிலை நான் குறை கூறவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதனால் பிழைக்கின்றன. வருத்தம் தருவது வேறொன்று. கொய்மலருக்கென்று உருவாக்கிய அதே வகைகள் நாற்றுப்பண்ணைகளின் வாயிலாக வீட்டுத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்து, ரோஜா என்றாலே நீண்ட காம்பின் நுனியில் நிற்கும் மணமற்ற கூர்மொட்டு என்ற எண்ணத்தை ஒரு தலைமுறையின் மனத்தில் ஊன்றிவிட்டன.

இனி, நான் தொடக்கத்தில் குறித்த மணக்கும் குலம் சேர்ந்த புதர் ரோஜா என்பது யாது என்று பார்ப்போம். ஒற்றைக் காம்பில் ஒற்றைப் பூவைத் தாங்கி, ஆண்டுதோறும் அடியோட்டிக் கத்தரித்தாலன்றிச் செம்மையாகப் பூக்காத 'ஹைப்ரிட் டீ' வர்க்கத்திலிருந்து இதனைப் பிரித்தறிய வேண்டும். அடியிலிருந்து பல கிளைகளை விட்டு, ஆளுயரம் வரை பரந்து வளர்ந்து, கொத்துக் கொத்தாகப் பூத்து, பூவில்லாத காலத்திலும் ஒரு செடியாகவே கண்ணுக்கு நிறைவாக நிற்பது புதர் ரோஜாவின் சுபாவம். ஐரோப்பாவின் பழைய குலங்களான காலிகா, டமாஸ்க், ஆல்பா, சென்டிபோலியா ஆகியவை யாவும் இத்தகையவை. இவற்றின் மணம் உன்னதமானது. ஆனால் பெரும்பாலும் ஆண்டில் ஒரு முறை, பனிக்காலம் கழிந்த பின்பே பூப்பவை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சீனத்து ரோஜாக்கள் கப்பலேறி மேற்கே சென்றபோதுதான் இந்த நிலை மாறியது. சீனத்துச் செடிகளின் மணம் மென்மையானதே ஆயினும், இடைவிடாது பூக்கும் இயல்பு அவற்றின் இரத்தத்திலேயே இருந்தது. மேற்கின் மணமும் கிழக்கின் ஓயாத பூப்பும் ஒரே செடியில் கூடியதே இன்றைய ரோஜாக்கள் அனைத்துக்கும் மூலம் எனலாம்.

அந்தச் சேர்க்கை நிகழ்ந்த இடங்களில் ஒன்று நமக்குப் பெரிதும் சம்பந்தமுடையது. இந்துமாக் கடலில், இன்று ரீயூனியன் என்றும் அக்காலத்தில் பூர்போன் என்றும் வழங்கிய பிரெஞ்சுத் தீவில், குடியானவர்கள் தம் நிலங்களுக்கு வேலியாக டமாஸ்க் ரோஜாவையும் சீனத்து ரோஜாவையும் அடுத்தடுத்து நட்டு வந்தார்கள். அவ்வேலிகளுக்கிடையே தானாகத் தோன்றிய ஒரு கலப்புச் செடி, எதுவார் என்ற பெயரால் அத்தீவில் வழங்கியது. அங்கே தாவரவியல் தோட்டத்தைக் கவனித்துவந்த பிரெயோன் என்பவர் அதனைக் கண்டு, 1819இல் பிரான்ஸிலிருந்த ழாக் என்னும் தோட்டக் கலைஞருக்கு விதை அனுப்பினார். அதிலிருந்து பூர்போன் என்ற பெருங்குலம் ஐரோப்பாவில் கிளைத்தது. 1843இல் தோன்றிய 'சூவெனிர் த லா மால்மேஸோன்', மணத்தில் ஈடற்றதெனப் பலரும் மதிக்கும் 'மதாம் இசாக் பெரேர்' முதலியவை அக்குலத்தவையே. ஐரோப்பியத் தோட்டங்களில் அந்த மூலச் செடி அருகிப்போயிற்று. நம் நாட்டிலோ அது எட்வர்டு ரோஜா என்ற பெயரில், வடநாட்டுச் சமவெளிகளில் ஒட்டுக்கட்டும் வேர்ச்செடியாகவும் தமிழ்நாட்டில் மாலைக்குரிய உதிரிப்பூவாகவும் இன்றளவும் வாழ்ந்துவருகிறது. உஷ்ணப் பிரதேசத்துத் தீவில் டமாஸ்க்கும் சீனத்து ரோஜாவும் கலந்து பிறந்த செடி, நம் வெயிலைக் கண்டு அஞ்சாததில் வியப்பில்லை.

எட்வர்டு ரோஜாவை அருகிருந்து பார்த்தவர்கள் அதன் குறைகளையும் அறிவார்கள். மொட்டு குட்டையானது, கடைக்கண்ணாடியில் வைத்தால் எவரும் திரும்பிப் பாரார். விரிந்த பூவோ கிண்ணம் போன்ற உருவில், உள்ளிதழ்கள் மடிந்து நெருங்கி, நடுவே மஞ்சள் மகரந்தம் எட்டிப் பார்க்க, ஆழ்ந்த இளஞ்சிவப்பு நிறத்தோடு நிற்கும். விடியற்காலையில் ஒரு பூவைப் பறித்து மூடிய கையில் சிறிது நேரம் வைத்திருந்தால், பூவை எடுத்த பின்பும் உள்ளங்கை மணக்கும். மாலைக்குள் இதழ்கள் தளர்ந்துவிடும். காம்பை அசைத்தால் உதிரும். ஜாடியில் வைத்து அழகு பார்க்க விரும்புவோருக்கு இது ஏற்றதன்று. பூசைக்கும், தலையில் சூடவும், பன்னீருக்கும், குல்கந்துக்கும் பூ வேண்டுவோருக்கு இதற்கு நிகரானதை நான் கண்டதில்லை.

பன்னீர் ரோஜா என்று நாம் வழங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. நூல்கள் அதனை டமாஸ்க் ரோஜா என்று குறிக்கின்றன. அசல் டமாஸ்க், பல்கேரியாவின் கஸான்லக் சமவெளியிலும் துருக்கியின் இஸ்பார்ட்டாவிலும், நம் நாட்டில் புஷ்கர், அலிகார், கன்னோஜ் முதலிய இடங்களிலும் தைலத்துக்காகப் பயிராவது. கஸ்தூரி ரோஜா, காலிகா ரோஜா, மத்திய ஆசியாவின் பெட்செங்கோ ரோஜா ஆகிய மூன்றின் கலப்பே அது என்பதை 2000ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி நிலைநாட்டியது. அதன் ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 முதல் 4,000 கிலோ பூ வேண்டும். வடக்கே அது பங்குனி, சித்திரையை ஒட்டிய சில வாரங்கள் மட்டுமே பூப்பது. குளிர்காலத்தின் உறக்கம் அதற்கு அவசியம். தமிழ்நாட்டின் வீடுகளில் பன்னீர் ரோஜா என்ற பெயரோடு வளர்ந்து, மாதந்தோறும் பூத்துக்கொண்டிருக்கும் செடி, பெரும்பாலும் எட்வர்டின் இனமாகவோ அதனோடு நெருங்கிய வேறொரு கலப்பாகவோ இருத்தல் வேண்டும் என்றே அதன் இடைவிடாத பூப்பைக் கொண்டு கருதுகிறேன். நாற்றுப்பண்ணைகளில் இவ்விரு பெயர்களும் ஒன்றுக்கொன்று மாறி வழங்குவதும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. வளர்ப்பவருக்கு இதனால் நஷ்டம் ஏதுமில்லை. பெயரைக் கேட்டு வாங்காமல் பூவை முகர்ந்து வாங்கினால் போதும்.

மேனாட்டுப் புதர் ரோஜாக்களில் இன்று பலரையும் கவர்வது, இங்கிலாந்தின் டேவிட் ஆஸ்டின் உருவாக்கிய ஆங்கில ரோஜா வர்க்கம். 1961இல் வெளிவந்த 'கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை' ஆண்டுக்கு ஒரு முறையே பூத்தது. அதிலிருந்து மேலும் கலந்து, பழைய உருவமும் மணமும் குன்றாமல் மீண்டும் மீண்டும் பூக்கும் வகைகளை அவர் ஆக்கினார். 1983இல் வந்த மஞ்சள் நிறத்து 'கிரகாம் தாமஸ்', 1986இல் வந்த 'கெர்ட்ரூட் ஜீக்கில்' ஆகியவை உலகெங்கும் புகழ்பெற்றன. தோட்டக் கலையின் பெரும் சாதனைகளில் ஒன்றாக இதனைப் போற்றலாம். எனினும் உஷ்ணப் பிரதேசங்களில் இவற்றுள் பல நீண்ட வாதுகளை வீசி வளர்ந்து பூவைக் குறைத்துக்கொள்கின்றன. மலர்ந்த பூக்களும் கோடை வெயிலில் ஒரே பகலில் சோர்ந்துவிடுகின்றன. உதகை, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலையூர்களில் வீடுள்ளவர்கள் தயக்கமின்றி முயலலாம். ருகோஸா ரோஜாக்களும் அவ்வாறே. ஜப்பானின் கடற்கரைக் குளிரில் பிறந்த அவற்றை மதுரையிலோ சென்னையிலோ வைத்து வருந்துவதில் பிரயோஜனமில்லை. சமவெளியார் கவனிக்கத் தக்கவை, அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் பெர்முடாத் தீவிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கவனிப்பாரின்றியும் தழைத்து நிற்கும் பழைய டீ ரோஜாக்களும் சீனத்து ரோஜாக்களுமே ஆகும். நம் நாற்றுப்பண்ணைகளில் அவை எளிதில் கிடைப்பதில்லை என்பது ஒரு குறை. நம் நாட்டார் ஆக்கியவற்றில், கோதுமை ஆராய்ச்சியால் புகழ்பெற்றவரும் ரோஜாவைத் தம் வாழ்நாள் காதலாகக் கொண்டவருமான டாக்டர் பி. பி. பால் தந்த 'ரோஸ் ஷர்பத்' மணத்துக்கென்றே விரும்பப்படுவது.

எந்தச் செடியை வாங்குவதானாலும் அதன் வேர் எது என்று கேட்டறிவது, பூ எது என்று அறிவதைப் போலவே முக்கியம். குளிர்ந்த மேட்டுநிலத்துப் பண்ணைகளிலிருந்து வரும் செடிகளில் பெரும்பாலானவை காட்டு ரோஜாவின் வேரில் கண் ஒட்டுக் கட்டியவை. சமவெளிக்கு வந்ததும் மேற்செடி இளைக்கும், அடிச்செடி வலுக்கும். ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழிருந்து, வெளிர்பச்சை நிறத்தில், செழித்த ஒரு புதுத் தளிர் விருட்டென்று எழும். வீட்டார் அதனைக் கண்டு செடி தேறிவிட்டதென மகிழ்வார்கள். அத்தளிரின் இலையை உற்று நோக்கினால், மேற்செடியின் இலையில் ஐந்து சிற்றிலைகள் இருக்குமிடத்தில் இதில் ஏழும் ஒன்பதுமாக, சிறுத்தும் மங்கியும் இருப்பது தெரியும். அதனை மண்ணைத் தோண்டி, புறப்பட்ட இடத்தோடு சேர்த்துப் பிய்த்தெறியாவிட்டால், ஓராண்டுக்குள் ஒட்டு மடிந்து, கொத்தாகச் சிறு வெள்ளைப் பூக்கள் பூக்கும் காட்டுச் செடியே எஞ்சும். என் ரோஜாவின் நிறமே மாறிவிட்டது, வாசனையும் போய்விட்டது என்று பலர் முறையிடுவதன் உண்மை இதுதான். எட்வர்டு, பன்னீர் முதலியவற்றுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவை சொந்த வேரில் நிற்பவை. கார்த்திகை, மார்கழிக் குளுமையில், பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மணல் கலந்த மண்ணில் சாய்வாக ஊன்றி, நிழலில் ஈரம் காயாமல் வைத்திருந்தால் வேர்விடும். தரையில் படியும் கிளையைப் பதியன் போட்டால் அதனினும் நிச்சயம்.

இடத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் வேண்டும். பிற்பகலில் சிறிது நிழல் விழுந்தால் பூவுக்கு நல்லது. மேற்குச் சுவரின் அனல் ஆகாது. தரையானால் 45 செ.மீ. நீள அகல ஆழமுள்ள குழியெடுத்து, மக்கிய தொழு உரம் 10 கிலோ கலந்து நடுவதே வேளாண் பல்கலைக்கழகத்தார் சொல்லும் முறை. கத்தரித்த பின்பு ஒரு முறையும் ஜூலையில் மறுமுறையும் உரமிட வேண்டும். மாடியானால் தொட்டி பெரிதாக இருப்பதும், சுடுதளத்தில் நேரே படாமல் செங்கல்லின் மேல் உயர்ந்து நிற்பதும் அவசியம்.

நீரைப் பற்றி மட்டும் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். நம் நகரங்களில் ரோஜாவைக் கெடுப்பதில் வெயிலுக்கு இருக்கும் பங்கைவிட ஆழ்குழாய்க் கிணற்று நீருக்கு இருக்கும் பங்கு பெரிது. அந்நீரிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் நாள்பட நாள்பட மண்ணில் தங்கி அதனைக் காரத்தன்மையுள்ளதாக்குகின்றன. ரோஜாவுக்கு உவப்பானது லேசான புளிப்புத்தன்மையுள்ள மண். காரம் ஏறியதும், மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் அதனை உறிஞ்ச இயலாது போகிறது. முதலில் நுனித் தளிர்கள் வெளுக்கும். இலை முழுவதும் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரியும். இதனைச் சத்துக் குறைவென்று எண்ணி மேலும் மேலும் உரமிடுவோர் செடியின் துன்பத்தை இரட்டிக்கிறார்கள். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதும், அதற்கு வழியில்லாவிடில் மாதம் ஒரு முறை தொட்டியின் அடித்துளை வழியே நீர் தாராளமாக ஓடி உப்பைக் கழுவும்படி வார்ப்பதும், மக்கிய இலையைத் தடிப்பாக மூடாக்கிடுவதும் இதற்குப் பரிகாரம். வெளுப்பு மிகுந்துவிட்டால், கார மண்ணிலும் பயன்படும்படி செய்த இரும்புச் சத்து மருந்து கடைகளில் கிடைக்கிறது.

கத்தரிப்பில்தான் புதர் ரோஜாவின் சுபாவத்தை அறியாமல் பலர் அதனைச் சிதைக்கிறார்கள். ஹைப்ரிட் டீச் செடிக்குச் சொன்ன கடுங்கத்தரிப்பை எட்வர்டுக்கும் செய்தால், அது தன் பலத்தையெல்லாம் இலையாக்கிவிடும். பட்டுப்போன குச்சி, குறுக்கே பாயும் கிளை, வயது முதிர்ந்து கறுத்த தண்டு ஆகியவற்றை அடியோடு நீக்கி, எஞ்சியவற்றில் பாதி நீளத்தைக் குறைத்தால் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதற்குரிய காலம் என்பார்கள். கடலோர மாவட்டத்தார் வடகிழக்குப் பருவமழையின் வேகம் தணியும் வரை பொறுத்திருப்பது நலம், வெட்டுவாயில் மழைநீர் தங்கினால் நுனியிலிருந்து கருகல் இறங்கும். வெட்டிய இடங்களில் போர்டோ பசையைத் தடவிவிட வேண்டும். கத்தரித்த ஆறேழு வாரங்களில் பூ வரும். கார்த்திகை நடுவில் கத்தரித்தால் பொங்கலை ஒட்டிய நாள்களில் செடி நிறைந்து நிற்கும். நீண்டு வளரும் வாதுகளுக்கு இன்னொரு வித்தையும் உண்டு. அவற்றை வெட்டாமல் மெல்ல வளைத்து, நுனியைத் தரையில் அறைந்த முளையில் கட்டிவிட்டால், நிமிர்ந்து நின்றபோது நுனி மொட்டுக்கு மட்டும் கிடைத்த முதன்மை குலைந்து, வாதின் நீளம் முழுவதும் உறங்கியிருந்த கணுக்கள் ஒவ்வொன்றும் விழித்துச் சிறுகிளைவிட்டுப் பூக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத் தோட்டக்காரர்கள் பூர்போன் ரோஜாக்களுக்குச் செய்துவந்த முறை இது. நம் எட்வர்டுக்கும் செவ்வனே பொருந்துகிறது.

பூச்சிகளில் இலைப்பேனும் சிவப்புச் சிலந்தியும் கோடையின் பகைவர்கள், கரும்புள்ளி மழைக்காலத்தது, சாம்பல் நோய் பனிக்காலத்தது. இலையின் அடிப்புறத்தில் காலைதோறும் நீரை வேகமாகப் பீய்ச்சுவதும், வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளிப்பதும், விழுந்த நோயிலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதும் வீட்டளவில் பெரும்பாலும் போதும். இதழை உண்ணவோ முகத்தில் பூசவோ எண்ணுவோர் வீரியமுள்ள மருந்துகளை அச்செடியின் பக்கமே கொண்டுவரலாகாது.

பூப்பறிக்கும் வேளையும் மணத்தோடு நேரடிச் சம்பந்தமுடையது. கஸான்லக்கில் விடியலில் தொடங்கும் பறிப்பு முற்பகலுக்குள் முடிந்துவிடுகிறது. வெயில் ஏற ஏற இதழின் தைலம் காற்றில் பறந்து குறைவதே காரணம். நாமும் பனி ஈரம் உலரும் நேரத்தில், முக்கால் விரிந்த பூக்களைக் கொய்வது உத்தமம். இதழ்களை நீரோடு சேர்த்துக் காய்ச்சி ஆவியைக் குளிர்வித்தால் வரும் பன்னீரில் பினைல் எத்தில் ஆல்கஹால் நிறைந்திருக்கும். அது நீரில் எளிதில் கரைவதால் எண்ணெயில் குறைந்து பன்னீரில் மிகுகிறது. கலியாண வாசலில் பன்னீர்ச் செம்பால் தெளிக்கும் துளியின் மணத்துக்கு இதுவே ஆதாரம். கல்கண்டும் இதழும் அடுக்கடுக்காகக் கண்ணாடிச் சாடியில் இட்டு, வெயிலில் வைத்து எடுக்கும் குல்கந்துக்கு எட்வர்டின் மெல்லிய இதழே சிறந்தது. கொய்மலர் வகைகளின் தடித்த இதழ் இளகாது, தோல்போல் நாவில் தங்கும்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் வெண்ணிறத்தில் மணம் வீசும் லெஷனால் ரோஜா என்ற காட்டுக் கொடி நமக்கே உரியது. உஷ்ணத்தைத் தாங்கும் புதிய ரோஜாக்களை ஆக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, கொடைக்கானலில் குடியேறிய வீரு வீரராகவன் தம்பதியர், வங்காளத்துச் சதுப்புநிலங்களில் வளரும் கிளைனோபில்லா, மணிப்பூர் மலைகளின் ஜைகாண்டியா ஆகிய நம் நாட்டின் வேறு காட்டு ரோஜாக்களைக் கலப்புக்குப் பயன்படுத்திப் பல வகைகளைத் தந்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று தாவரவியல் மேதை ஜானகி அம்மாளின் பெயரைத் தாங்குகிறது. குளிர்நாட்டுக்கென ஆக்கிய செடிகளை நம் வெயிலுக்குப் பழக்க முயல்வதைக் காட்டிலும் இத்தகைய முயற்சி அறிவுக்கு உகந்தது. அத்தகைய வகைகள் நம் ஊர்ப் பண்ணைகளுக்குப் பரவலாக வந்து சேரும் வரையில், சமவெளியில் புதிதாகத் தோட்டம் போடுவோர் முதற்செடியாக எட்வர்டையே வைக்கலாம். பக்கத்து ஊர்ப் பூந்தோட்டத்தில் அல்லது பழைய வீட்டுக் கொல்லையில், காலை எட்டு மணிக்கு முன் சென்று, மணக்கும் செடியைத் தாமே முகர்ந்து தேர்ந்து, அதிலிருந்து நாலைந்து குச்சிகளைக் கேட்டு வாங்கி வருவதே போதுமானது.